சர்வீஸ் போடும்போது முன்னால் மூன்று பேர் சுவர் போல நிற்கலாமா?

#1 — பின்வரிசைக்காரன்

நேற்று இரவு நடந்த ஆட்டத்தின் கோபம் இன்னும் ஆறவில்லை. அதனால்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். டெல்டா பகுதியில் ஓர் ஊர்த் திருவிழாவை ஒட்டி நடக்கும் கைப்பந்துப் போட்டி. நான் எங்கள் அணியின் லிபரோ, அதாவது பின்வரிசையில் மட்டும் ஆடிப் பந்தை எடுப்பவன். எதிரணியில் ஒருவர் நின்ற இடத்திலிருந்தே ஃப்ளோட் சர்வீஸ் போடுகிறார். பந்து சுழலாமல் ஆடிக்கொண்டே வரும். அது அவருடைய திறமை, அதில் எனக்குப் புகார் இல்லை.

புகார் அவருக்கு முன்னால் நின்ற மூவர் மீது. அவர் பந்தோடு எல்லைக்கோட்டுக்குப் பின்னால் போனதும், முன்வரிசை மூன்று பேரும் வலைக்கு அருகில் தோளோடு தோள் உரச வந்து நிற்கிறார்கள். கைகளைக் கோத்துத் தலைக்குப் பின்னால் வைத்துக்கொண்டு முழங்கைகளை விரித்துக்கொள்கிறார்கள். நடுவில் நிற்பவர் வெளியூரிலிருந்து இந்தப் போட்டிக்கென்று அழைத்துவரப்பட்டவர், ஆறரை அடி இருப்பார். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஆறு முழங்கைகளும் ஒரு பெரிய முதுகும்தான். பந்து எப்போது அடிக்கப்பட்டது என்பதே தெரியவில்லை. அந்த ஒரு சுழற்சியில், அதாவது அவர் சர்வீஸ் போட்ட ஒரு முறையில் மட்டும், ஐந்து புள்ளிகள் போயின.

நடுவரிடம் எங்கள் கேப்டன் கேட்டதற்கு, "பந்து தெரிகிறதல்லவா, ஆடுங்கள்" என்று சொல்லிவிட்டார். உண்மையில் விதி என்னதான் சொல்கிறது?

#2 — மாலைநேர_ஆட்டம்

சர்வீஸைத் தடுப்பது 1984 ஒலிம்பிக்கோடு முடிந்த கதை. அதுவரை எதிரணியின் சர்வீஸை வலைக்கு மேல் கை நீட்டி பிளாக் செய்யலாம். அதன் பிறகு தடை. எனவே அவர்கள் செய்தது தவறு.

#3 — பின்வரிசைக்காரன்

நண்பரே, நீங்கள் தலைப்பைத் தலைகீழாகப் படித்துவிட்டீர்கள். எங்கள் சர்வீஸை அவர்கள் தடுக்கவில்லை. அவர்களுடைய சர்வீஸை நாங்கள் பார்க்க முடியாதபடி அவர்களே மறைத்துக்கொண்டு நின்றார்கள்.

#4 — பழைய_விசில்

இருபது ஆண்டுகளுக்கு மேல் விசில் ஊதியவன் என்ற முறையில் சொல்கிறேன். தம்பி கேட்பதை நாங்கள் 'ஸ்கிரீன்' என்போம். இங்கே மறைப்பு என்று வைத்துக்கொள்வோம். மாலைநேர ஆட்டக்காரர் குழம்பியதிலும் நியாயம் இருக்கிறது. இரண்டு கைகளையும் செங்குத்தாக உயர்த்தி உள்ளங்கைகளை முன்னால் காட்டுவதுதான் பிளாக் தவறுக்கும் மறைப்புக்கும் நடுவர் காட்டும் சைகை. சைகை ஒன்று, தவறு இரண்டு.

சர்வதேசக் கூட்டமைப்பின் விதிநூலில் இது 12.5. சாரத்தை என் சொற்களில் தருகிறேன். சர்வீஸ் போடும் அணியினர், தனியாகவோ கூட்டமாகவோ நின்று, பந்து அடிக்கப்படும் கணத்தையும் அது வரும் பாதையையும் எதிரணி பார்க்க முடியாதபடி செய்யக் கூடாது. கையை ஆட்டுவது, குதிப்பது, பக்கவாட்டில் நகர்வது, கூட்டமாக நிற்பது ஆகியவை மறைப்புக்கான வழிகள்.

பெரும்பாலானவர்கள் இத்தோடு படிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த வரிதான் உயிர். அப்படி நிற்பதால் அடியும் பாதையும் *இரண்டுமே*, பந்து வலையின் செங்குத்துத் தளத்தை அடையும் வரை மறைந்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்று தெரிந்தாலும் அது மறைப்பு ஆகாது என்று இப்போதைய விதிநூல் வெளிப்படையாகவே சொல்கிறது.

ஆகவே, மூன்று பேர் ஒட்டி நிற்பது மட்டும் தவறல்ல. கை தலையில் இருப்பதும் தனியாகத் தவறல்ல. உங்கள் நடுவர் சொன்ன "பந்து தெரிகிறதல்லவா" என்பது அலட்சியமாகத் தோன்றலாம். ஆனால் அவர் கேட்டது சரியான கேள்வி.

#5 — நெட்டை_நடுவன்

நான் நடு பிளாக்கர், அதாவது வலையருகே நடுவில் நின்று எதிரணியின் அடியைத் தடுப்பவன். அந்த ஆறரை அடி முதுகின் சார்பில் பேசுகிறேன் (அவர் நானல்ல!).

தலைக்குப் பின்னால் கை வைப்பது உங்களை மறைப்பதற்காக அல்ல. எங்கள் ஆளே அடிக்கும் பந்து எங்கள் பிடரியில் விழாமல் இருப்பதற்காக. ஒருமுறை ஜம்ப் சர்வீஸைப் பின்னந்தலையில் வாங்கியவர்கள் அதன்பின் கையை இறக்கவே மாட்டார்கள். எனக்கு அன்று அரை மணி நேரம் காதுக்குள் வண்டு பறந்தது. ஒட்டி நிற்பதற்கும் காரணம் உண்டு. பந்து தாண்டியவுடன் இடம் மாறி, அவரவர் பிளாக் செய்யும் இடத்துக்குப் போக வேண்டும். நடுவில் கூடி நின்று பிரிவது எளிது.

எண்ணத்தில் குற்றம் இல்லாதபோது எப்படித் தவறாகும்?

#6 — பழைய_விசில்

நெட்டை நடுவனுக்கு: 12.5இல் எண்ணத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. நீங்கள் பிடரியைக் காக்க நின்றாலும் சரி, வேடிக்கை பார்க்க நின்றாலும் சரி, அடியும் பாதையும் மறைந்தால் மறைப்பு. மறையாவிட்டால், நீங்கள் மறைக்க வேண்டும் என்றே திட்டமிட்டு நின்றிருந்தாலும் தவறில்லை. நடுவருக்கு மனத்தைப் படிக்கும் வேலை கிடையாது.

#7 — பின்வரிசைக்காரன்

ஐயா, விளக்கத்துக்கு நன்றி. ஆனால் இது எந்த ஊர் நியாயம்? 'இரண்டும் மறைய வேண்டும், அதுவும் வலை வரை மறைய வேண்டும்' என்றால், பந்து என்ன சுரங்கப்பாதையிலா வரும்? வலையைத் தாண்டுவதற்கு எங்காவது மேலே ஏறித்தானே ஆக வேண்டும்? ஏறினால் தெரிந்துவிடும். தெரிந்தால் தவறில்லை. அப்படியென்றால் இந்த விதியை மீறவே முடியாது என்று பொருள்!

#8 — கணக்கு_வாத்தியார்

மீற முடியும், ஆனால் கடினம். பின்வரிசைக்காரர் ஆத்திரத்தில் ஓர் அழகான வடிவியல் கணக்கைத் தொட்டுவிட்டார். போட்டுப் பார்க்கலாம்.

நீங்கள் வலையிலிருந்து 7 மீட்டர் பின்னால் நிற்கிறீர்கள் என்று கொள்வோம். அடிப்பவர் எதிர் எல்லைக்கோட்டின் மேல், வலையிலிருந்து 9 மீட்டரில். இடையே 16 மீட்டர். மறைப்பவர் தன் பக்கத்தில் வலையிலிருந்து 1 மீட்டரில். அவர் உங்களிடமிருந்து 8 மீட்டர், அதாவது மிகச் சரியாகப் பாதி வழியில் நிற்கிறார். எனவே கணக்கு எளிது: உங்கள் கண் உயரத்தையும் பந்து அடிக்கப்படும் உயரத்தையும் கூட்டி இரண்டால் வகுத்தால், பார்வைக்கோடு அவர் நிற்கும் இடத்தை எந்த உயரத்தில் கடக்கிறது என்று கிடைக்கும்.

சற்றே குனிந்து நிற்கும்போது உங்கள் கண் 1.4 மீட்டரில். நின்ற இடத்தில் போடும் ஃப்ளோட் 2.6 மீட்டரில் அடிக்கப்படுகிறது. பாதி வழியில் 2.0 மீட்டர். மறைப்பவர் 1.8 மீட்டர் ஆளாக இருந்தால் அவர் தலைக்கு மேல் ஒரு சாண் இடைவெளி இருக்கிறது. அடி தெரியும். உங்கள் ஆறரை அடிக்காரர் 1.98 மீட்டர். அவர் தலைமயிரும் பார்வைக்கோடும் ஒரே உயரம். உச்சந்தலையில் கை வைத்தால் மறைந்தது!

இன்னும் குனிந்து, கண் 1.2 மீட்டருக்கு வந்தால் கோடு 1.9 மீட்டருக்கு இறங்கிவிடும். அதாவது நீங்கள் எவ்வளவு சிரத்தையாகக் குனிகிறீர்களோ அவ்வளவு குறைவாகப் பார்க்கிறீர்கள். நிமிர்ந்து நின்று கண் 1.6 மீட்டரில் இருந்தால் கோடு 2.1 மீட்டர்.

ஜம்ப் சர்வீஸ் என்றால் கதையே வேறு. அடிப்பவர் கோட்டுக்குப் பின்னாலிருந்து குதித்து ஒரு மீட்டர் உள்ளே பறந்து 3.3 மீட்டரில் அடிக்கிறார் என்றால், மறைப்பவர் இருக்கும் இடத்தில் பார்வைக்கோடு ஏறத்தாழ 2.4 மீட்டரில் போகிறது. எந்த மனிதத் தலையும் அங்கே இல்லை. ஜம்ப் சர்வீஸுக்கு மறைப்பு என்று புகார் செய்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

பாதை பற்றி: ஃப்ளோட் பந்து அடிபட்டபின் மேலேறி, மறைப்பவர்களுக்கு 3 மீட்டர் பின்னால் வரும்போது 3 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று கொள்ளுங்கள். அப்போது பார்வைக்கோடு அவர்கள் தலைமேல் 2.5 மீட்டரைத் தாண்டிப் போகிறது. பந்து பளிச்சென்று தெரியும். ஆகவே அடி மறையலாம், பாதை முழுவதும் மறைவது அபூர்வம். வலையின் விளிம்பை உரசுவது போல மிகத் தட்டையாக வரும் பந்தும், முன்னால் உயரமான கூட்டமும், மிகவும் குனிந்த ரிசீவரும் (சர்வீஸை எடுப்பவர்) ஒன்றாகச் சேர வேண்டும்.

இன்னொன்று: ஆண்கள் வலையின் உச்சி 2.43 மீட்டர், வலையின் அகலம் 1 மீட்டர். அடிக்கும் கணத்துக்கு மேலே போட்ட கோடுகள் எல்லாமே வலைக்கண்கள் வழியாகத்தான் போகின்றன. வலையின் மேல் ஓரத்தில் 7 சென்டிமீட்டர் வெள்ளைப் பட்டை இருக்கிறதே, நல்ல உயரத்தில் அடிக்கும் ஜம்ப் சர்வீஸில் அடிக்கும் கணத்தை மறைப்பது பல நேரம் அந்தப் பட்டைதான். அதற்கு யார் மேல் புகார் கொடுப்பது!

#9 — நெட்டை_நடுவன்

வாத்தியாரே, எங்கள் சங்கத்தின் சார்பில் உங்களுக்கு ஒரு பொன்னாடை.

#10 — ஆறாம்_எண்

பொன்னாடையைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். நான் பெண்கள் அணியில் ஆடுகிறேன். இந்தக் கணக்கு எங்கள் பக்கத்தில் வேறு மாதிரி இருக்கிறது.

எங்கள் வலை 2.24 மீட்டர். எங்களில் பலர் நின்றபடி போடும் ஃப்ளோட்டை 2.3 மீட்டர் அளவில் அடிப்போம். வலை தாழ்வு என்பதால் பந்தும் தட்டையாகவே போகலாம். குனிந்த ரிசீவரின் கண் 1.3 என்றால் பாதி வழியில் கோடு 1.8 மீட்டர். எங்கள் மாநிலத்திலேயே 1.8 மீட்டர் பிளாக்கர்கள் இருக்கிறார்கள். கை வைக்காமலே மறையும். ஃப்ளோட்தான் எங்கள் முதன்மை ஆயுதம் என்பதால் இந்தத் தொல்லை எங்களுக்கு வாராவாரம் வருகிறது.

மேலும், ஃப்ளோட்டில் பந்து கடைசியில்தான் ஆடும் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் ரிசீவர் தன் முதல் அடியை எடுத்து வைப்பது அடிப்பவரின் தோளையும் கையையும் பார்த்துத்தான். கை எந்தப் பக்கம் முடிகிறது, பந்தை நடுவில் அடித்தாரா கீழே அடித்தாரா என்ற செய்தி அங்கேதான் இருக்கிறது. அது மறைந்து, பந்து பாதி வழியில் தலைகளுக்கு மேல் முளைத்தால், விதிப்படி 'பாதை தெரிந்தது'. ஆனால் கால் ஏற்கெனவே தாமதமாகிவிட்டது. எனவே பின்வரிசைக்காரரின் கோபம் வீண் கோபம் அல்ல. விதி அளக்கும் பொருளும் ரிசீவர் இழக்கும் பொருளும் வேறு வேறு.

நான் செய்வது: நடுவர் விசில் ஊதியபின் சர்வீஸ் போட 8 விநாடி இருக்கிறது. அவ்வளவு நேரமும் நான் குனிவதில்லை. நிமிர்ந்து, அடிப்பவரின் தோளைத் தேடுவேன். பந்தை மேலே எறிந்தபின்தான் உடலை இறக்குவேன். பயிற்சியாளர்கள் "குனி, குனி" என்று கத்துவார்கள். கத்தட்டும்.

#11 — மணல்_கால்

கடற்கரைக் கைப்பந்து ஆடுபவன் என்ற முறையில் ஒரு செய்தி. எங்கள் விதி இதைவிட மனிதத்தன்மை உள்ளது. சர்வீஸ் போடுபவரின் கூட்டாளி மறைத்து நின்றால், "தள்ளி நில்லுங்கள்" என்று எதிரணி கேட்கலாம். கேட்டால் அவர் பக்கவாட்டில் நகர்ந்தே ஆக வேண்டும். இருவர் ஆட்டம் என்பதால் சிக்கல் சிறிது. கேட்பது கையசைவில் முடிந்துவிடும், நடுவர் வரை போவதே அரிது.

எலியட்ஸ் கடற்கரையில் காலை ஆறு மணிக்கு ஆடும்போது எங்களுக்கு மறைப்பு என்றால் சூரியன்தான். அது யார் கேட்டாலும் நகராது.

#12 — பின்வரிசைக்காரன்

மணல் கால் சொன்ன விதி உள்ளரங்க ஆட்டத்தில் இருந்திருந்தால் நேற்றைய சண்டையே இல்லை.

சரி, ஒன்றை நான் முதல் பதிவில் சொல்லாமல் விட்டுவிட்டேன். கொஞ்சம் கூச்சமாக இருந்தது. இப்போது சொல்லிவிடுகிறேன். நான்காவது சர்வீஸின்போது, பொறுக்க முடியாமல், நான் இடப்பக்கம் எட்டிப் போய் நின்று பார்த்தேன். நான் அப்போது நடுப் பின்வரிசையில், 6ஆம் இடத்தில். பந்து வந்தது. நன்றாகவே எடுத்தேன், அடிப்பவருக்குப் பந்தை உயர்த்தித் தரும் செட்டர் கைக்குப் போனது. அதற்குள் இரண்டாம் நடுவர் விசில். விரலை வட்டமாகச் சுழற்றிக் காட்டினார். இடப்பிழையாம், அதாவது நான் வரிசை தவறி நின்றேனாம். புள்ளி அவர்களுக்கு.

மறைத்தது அவர்கள், தண்டனை எங்களுக்கு. இரண்டும் ஒரே சர்வீஸில் நடந்த தவறுகள் என்று வைத்துக்கொண்டாலும், குறைந்தது மீண்டும் ஆடவாவது சொல்லியிருக்க வேண்டாமா? அந்த விசிலுக்குப் பிறகு எனக்கு வாய் நிற்கவில்லை. கேப்டன் என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

#13 — பழைய_விசில்

இதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன் தம்பி. மறைப்பைப் பற்றிப் புகார் சொல்ல வருபவர்களில் பாதிப் பேருடைய கதையில் இப்படி ஒரு சொல்லாத பத்தி இருக்கும்.

முதலில் இடம். நீங்கள் 6இல், உங்கள் இடப்பக்கம் 5ஆம் எண்காரர். பந்து அடிக்கப்படும் கணத்தில், அவருடைய ஒரு காலின் ஒரு பகுதியாவது உங்கள் கால்களைவிட இடப்பக்கக் கோட்டுக்கு நெருக்கமாகவோ சமமாகவோ இருக்க வேண்டும். உங்கள் இடது கால் அவருடைய இடது காலையும் தாண்டிப் போயிருந்தால் தவறு. எட்டிப் பார்க்கும் அவசரத்தில் தாண்டியிருப்பீர்கள். பெறும் அணியின் இடங்களைப் பார்ப்பது இரண்டாம் நடுவரின் வேலை, அவர் பார்த்திருக்கிறார்.

இனி, 'இரண்டு தவறும் ஒன்றாக நடந்தால்?' என்ற உங்கள் கேள்வி. இதற்கு 12.7இல் பதில் இருக்கிறது. அதை அறிந்தவர்கள் குறைவு. சர்வீஸ் போடுபவர் அடிக்கும் கணத்திலேயே தவறு செய்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோட்டை மிதிக்கிறார், அல்லது அவருடைய முறை அல்லாதபோது போடுகிறார். அதே கணத்தில் நீங்கள் இடம் தவறி நிற்கிறீர்கள். அப்போது தண்டிக்கப்படுவது சர்வீஸ் தவறு. ஆனால் சர்வீஸ் முறையாக அடிக்கப்பட்டு, *அதற்குப் பிறகு* தவறாகிறது என்றால், அதாவது வெளியே போகிறது அல்லது மறைப்புக்கு மேலாகப் போகிறது என்றால், உங்கள் இடப்பிழைதான் முதலில் நடந்தது. அதற்குத்தான் தண்டனை.

மறைப்பு என்ற தவறு பந்து அடிக்கப்படும் கணத்தில் முழுமை அடைவதில்லை. பந்து அந்தக் கூட்டத்துக்கு மேலாகப் போகும்போதுதான் முழுமை அடைகிறது. உங்கள் கால் அதற்கு முன்பே தாண்டிவிட்டது. ஆக, அவர்கள் நூற்றுக்கு நூறு மறைத்தே இருந்தாலும், அந்த ஒரு சர்வீஸில் புள்ளி அவர்களுக்குத்தான். மீண்டும் ஆடுவது என்ற பேச்சே இல்லை.

கேட்கக் கசப்பாக இருக்கும். ஆனால் உங்கள் இரண்டாம் நடுவர் விதிநூலின்படி நடந்துகொண்டார்.

#14 — கணக்கு_வாத்தியார்

இது எனக்கே புதிது. மறைப்பு இருந்தால் ரிசீவர் விலகிப் பார்க்க வேண்டும். விலகினால் இடப்பிழை. இடப்பிழை மறைப்பை விழுங்கிவிடும். பொறி வைத்தவன் கெட்டிக்காரன்.

#15 — பின்வரிசைக்காரன்

பழைய விசில் ஐயா, பத்து ஆண்டுகளாக ஆடுகிறேன், இந்த 12.7 பற்றி ஒருவரும் சொன்னதில்லை. நேற்று என்னைக் கேப்டன் இழுத்துக்கொண்டு போனது நல்லதாகப் போயிற்று.

ஆனால் ஒன்று கேட்கிறேன். முதல் நடுவர் மறைப்பைச் சரியாகப் பார்த்துவிட முடியுமா? அவர் நிற்பது வலையின் ஓரத்தில், மேடையில். நான் நிற்பது பின்னால், கீழே. என் கண்ணுக்குத் தெரியாதது அவர் கண்ணுக்குத் தெரியாதா என்ன? தெரியும். அதனால்தான் "பந்து தெரிகிறதல்லவா" என்கிறார்!

#16 — பழைய_விசில்

இது நியாயமான அடி. வாங்கிக்கொள்கிறேன்.

சர்வீஸ் போடும் அணியின் பக்கத்துத் தவறுகள், மறைப்பு உட்பட, முதல் நடுவரின் பொறுப்பு. அவருடைய கண் வலையின் உச்சிக்கு ஏறத்தாழ அரை மீட்டர் மேலே, அதாவது தரையிலிருந்து மூன்று மீட்டரை ஒட்டிய உயரத்தில், பக்கவாட்டில் இருக்கிறது. ரிசீவரின் கண் வழியாக அவரால் பார்க்கவே முடியாது. அவர் செய்வது ஊகம்: முன்னால் எத்தனை பேர், எவ்வளவு நெருக்கம், அடிப்பவர் அவர்களுக்கு நேர் பின்னாலா, பந்து அவர்கள் தலைக்கு மேலாகப் போனதா, தட்டையாகப் போனதா. இந்த ஐந்துக்கும் 'ஆம்' என்றால் ஊதலாம். பந்து வளைந்து உயரமாகப் போனாலோ, கூட்டத்துக்கு மேலாகப் போகாமல் வேறு கோணத்தில் போனாலோ ஊத முடியாது. என் காலத்தில் மறைப்புக்காக நான் ஊதியது ஒரு கையின் விரல்களுக்குள் அடங்கும். இரண்டு முறை தவறாக ஊதினேன் என்று இப்போதும் நினைக்கிறேன்.

நடைமுறையில் நல்ல வழி எது என்றால், பந்து ஓய்ந்திருக்கும்போது, அடுத்த சர்வீஸுக்கு விசில் ஊதும் முன், ஆட்டக் கேப்டன் மட்டும் போய், "ஐயா, இந்தச் சுழற்சியில் எங்கள் ரிசீவருக்கு அடி தெரியவில்லை, கவனியுங்கள்" என்று அமைதியாகச் சொல்வது. விளக்கம் கேட்கும் உரிமை அவருக்குத்தான், லிபரோவுக்கு அல்ல. சொன்னபின் எந்த நடுவரும் அந்த மூவரைப் பார்க்காமல் இருக்க மாட்டார். பல நேரம் நடுவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாலே போதும், முழங்கைகள் தாமாக இறங்கும்.

புள்ளி போனபின் கத்தினால், நீங்கள் புள்ளிக்காகக் கத்துவதாகத்தான் தோன்றும்.

#17 — வலது_மூலை

நான் எழுபதுகளில் கல்லூரிக்கு ஆடியவன். எங்கள் காலத்தில் சர்வீஸ் போடும் இடம் எல்லைக்கோட்டுக்குப் பின்னால் வலது மூலையில் 3 மீட்டர் மட்டும். தொண்ணூறுகளின் நடுவில்தான் 9 மீட்டர் முழுவதும் திறந்துவிட்டார்கள். அதனால் எங்களுக்கு அடிப்பவர் எங்கே நிற்பார் என்பது தெரியும். ஆனால் மறைப்பவர்களுக்கும் தெரியும்! வலது முன் ஆட்டக்காரரும் நடு முன் ஆட்டக்காரரும் அந்த மூலைக்கு நேராகக் கூடினால் போதும். இப்போது அடிப்பவர் எங்கிருந்து வேண்டுமானாலும் போடலாம் என்பதால் கூட்டமும் அவரோடு நகர வேண்டியிருக்கிறது.

அந்தக் காலத்தில் சர்வீஸ் வலையைத் தொட்டாலே தவறு. இப்போது தொட்டுவிட்டு உள்ளே விழுந்தாலும் ஆட்டம் தொடர்கிறது. அதனால் வலையை உரசும் தட்டையான சர்வீஸுக்குத் துணிச்சல் கூடிவிட்டது. வாத்தியார் சொன்ன 'தட்டையான பந்து' பெருகியதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் பிரேசில் அணியின் பெர்னார்டு பந்தை வானத்துக்கு அடித்து, கூரை விளக்குகளின் நடுவிலிருந்து இறங்க வைப்பார். அதற்கு முன்னால் யானையை நிறுத்தினாலும் மறைப்பு ஆகாது.

#18 — யாழ்_கரப்பந்து

நாங்கள் இதைக் கரப்பந்து என்போம். உங்கள் ஊரில் 'கைப்பந்து' என்று சொல்லிவிட்டு ஹேண்ட்பாலுக்கு என்ன சொல்கிறீர்கள் என்பது எனக்கு நெடுநாள் புதிர். இலங்கையில் இதுதான் 1991 முதல் தேசிய விளையாட்டு என்பதால், விதிச் சண்டைகளும் தேசிய அளவில் நடக்கும்.

ஆசியாவில் ஒரு காலத்தில் ஒன்பது பேர் ஆட்டமும் இருந்தது. 1958, 1962 ஆசிய விளையாட்டுகளில் ஆறு பேர் ஆட்டமும் ஒன்பது பேர் ஆட்டமும் தனித்தனிப் போட்டிகளாக நடந்தன. ஒன்பது பேர் நிற்கும் திடலில் எதிரணிக்கு என்ன தெரிந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். எங்கள் பக்கத்து முதியவர்கள், "அப்போது பந்தைப் பார்த்து ஆடவில்லை தம்பி, சத்தத்தைக் கேட்டு ஆடினோம்" என்பார்கள்.

அதில் ஒரு பயன் உண்டு. அடி மறைந்தாலும் சத்தம் மறையாது. ஃப்ளோட்டுக்கு 'டப்' என்று குறுகிய ஓசை, சுழல் பந்துக்குச் சற்றே இழுத்த அறை. திருவிழாவில் ஒலிபெருக்கி அலறினால் அதுவும் போயிற்று.

#19 — பின்வரிசைக்காரன்

ஒலிபெருக்கியா? எங்கள் திடலுக்குப் பக்கத்தில்தான் நாதஸ்வரக் கச்சேரி.

#20 — ஆறாம்_எண்

ஒரு கூடுதல் செய்தி. 2025இல் நடைமுறைக்கு வந்த விதிநூலில் சர்வீஸ் போடும் அணிக்கு இடவரிசைக் கட்டுப்பாடே இல்லை. சுழற்சி வரிசைப்படி சர்வீஸ் போட வேண்டும், அவ்வளவுதான். மற்ற ஐவரும் களத்துக்குள் எங்கு வேண்டுமானாலும் நிற்கலாம். பெறும் அணிக்கு மட்டும் பழைய கட்டுப்பாடு தொடர்கிறது.

முன்பு பின்வரிசை ஆள் தன் முன்வரிசை ஆளுக்குப் பின்னால்தான் நிற்க முடியும். இப்போது பின்வரிசையில் இருக்கும் உயரமான ஆளையும் வலைக்கு அருகே கொண்டுவந்து நிறுத்தலாம். மறைக்க நினைக்கும் அணிக்கு இது வசதி. மறைக்கப்படுபவருக்கு அதே பழைய கட்டு. என்னைக் கேட்டால், இந்தச் சுதந்திரத்தைக் கொடுத்தவர்கள் மணல் கால் சொன்ன 'கேட்டால் நகர வேண்டும்' விதியையும் சேர்த்தே கொடுத்திருக்க வேண்டும்.

#21 — நெட்டை_நடுவன்

ஆறாம் எண்ணோடு இந்த ஒன்றில் ஒத்துப்போகிறேன். கேட்டால் நான் நகர்ந்துவிடுவேன். ஒரு அடி தள்ளி நிற்பதால் என் பிளாக் ஒன்றும் கெட்டுவிடாது. கை மட்டும் பிடரியில்தான் இருக்கும், அதை விட்டுத்தர மாட்டேன்.

#22 — பழைய_விசில்

தம்பிக்கு இன்னும் ஆட்டம் இருக்கிறதா? இருந்தால் ஒரு யோசனை. நீங்கள் மட்டும் நகராதீர்கள். 5ஆம் எண்காரரும் உங்களோடு ஒரு அடி இடப்பக்கம் நகரட்டும், வலப்பக்கத்து 1ஆம் எண்காரர் நடுவை மூடட்டும். வரிசை கெடாது, பார்வை கிடைக்கும். விசிலுக்கு முன்பே இதைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

#23 — பின்வரிசைக்காரன்

இரண்டு நாள் கழித்து வருகிறேன். லீக் முறை என்பதால் நேற்று அதே அணியோடு மீண்டும் மோத வேண்டியிருந்தது.

டாஸ் முடிந்ததும் எங்கள் கேப்டன் முதல் நடுவரிடம் போய், பழைய விசில் ஐயா சொன்ன சொற்களையே சொன்னார். நடுவர் தலையாட்டினார். அந்தச் சுழற்சி வந்தது. மூவரும் கூடினார்கள். நடுவர் அவர்களை ஒருமுறை பார்த்தார். முழங்கைகள் இறங்கவில்லை, ஆனால் ஆறரை அடிக்காரர் மட்டும் அரை அடி வலப்பக்கம் போனார். நாங்கள் மூவரும் சேர்ந்து ஒரு அடி இடப்பக்கம் போனோம். நான் குனியாமல் நின்றேன், என் பயிற்சியாளர் தலையில் அடித்துக்கொண்டார்.

அடிப்பவரின் தோள் தெரிந்தது. முதல் சர்வீஸ் நன்றாக எடுத்தேன், புள்ளி எங்களுக்கு.

அடுத்து அவருடைய சர்வீஸ் மூன்றாவது செட்டில்தான் மீண்டும் வந்தது. தோள் தெரிந்தது, கை தெரிந்தது, அடி தெரிந்தது. பந்து மேலே ஏறி, அவர்கள் பக்கத்து ஃபோகஸ் விளக்குக்குள் போய் மறைந்து, என் தோள் மேல் விழுந்து வெளியே போனது. அந்த விளக்குக் கம்பத்தை அங்கே நட்டது எங்கள் ஊர்க்காரர்கள்தான்.

செட் 25-22, தோற்றோம். ஆறரை அடிக்காரர் ஆட்டம் முடிந்ததும் வந்து கை கொடுத்துவிட்டு, "அண்ணா, எனக்கும் பின்மண்டையில் ஒருமுறை விழுந்திருக்கிறது" என்றார்.

கணக்கு வாத்தியாருக்கு: அந்த விளக்குக் கம்பத்தின் உயரத்தை அளந்து வந்திருக்கிறேன், 6 மீட்டர். எல்லைக்கோட்டிலிருந்து 4 மீட்டர் பின்னால். எங்கே நின்றால் கண் கூசாது என்று கொஞ்சம் போட்டுச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் இடத்துக்கான ஆட்டம் இருக்கிறது.